கடன்பட்டவர்களின் சங்கம்: கே.டி. பாலும் எங்கள் வாலிபர் ஐக்கியமும்

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த மறுவாரம் எங்கள் சபை ஆயர் என்னைக் கூப்பிட்டார். "வாலிபர் ஐக்கியத்துக்கு ஒரு மிஷன், விஷன் எழுதணுமுங்க. பேராயத்துல எல்லாச் சபையும் வச்சிருக்காங்க. நீங்க எழுதற ஆளு, ஒரு பக்கம் போட்டுக் குடுத்துருங்க" என்றார். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருக்கிற சிறிய சபை எங்களுடையது. வாலிபர் பட்டியலில் இருபத்திரண்டு பேர். ஞாயிறு சாயங்காலக் கூட்டத்துக்கு வருவது ஒன்பது பேர், மழை பெய்தால் நாலு பேர்.

ஒரு பக்கம் எழுதுவது கஷ்டமாக இல்லை. அடுத்த தலைமுறையைக் கிறிஸ்துவுக்குள் கட்டுவது, சீஷர்களை உருவாக்குவது, சமுதாயத்துக்கு உப்பாகவும் ஒளியாகவும் இருப்பது என்று அரை மணி நேரத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கூட்டத்தில் வாசித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். முட்டைப் பண்ணையில் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு தம்பி மட்டும், "நல்லாத்தான் இருக்குதுங்ண்ணா. ஆனா இது எந்த ஊர்ச் சபைக்கும் பொருந்துமுங்களே" என்றான். அவன் குறையாகச் சொல்லவில்லை, பாராட்டாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது.

அன்றைக்கு இன்னொன்றும் கவனித்தேன். கீபோர்டு வாசிக்கிற பையன் இரண்டு மாதமாகக் கூட்டத்துக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டால் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் வந்தபிறகுதான் ஒருவன் மெதுவாகச் சொன்னான். அவன் செகண்ட் ஹேண்டில் ஒரு லோடு வண்டி எடுத்திருந்தான், மூன்று தவணை கட்டவில்லை. வசூலுக்கு வருகிற ஆள் எங்கள் வாலிபர் ஐக்கியத்திலேயே இருக்கிறான், முன் பெஞ்சில் உட்காருகிற பையன். ஒருவன் கட்டவேண்டும், ஒருவன் வசூலிக்கவேண்டும், இரண்டு பேரும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு எப்படிப் பாடுவது?

லாரிக்கும், ரிக் வண்டிக்கும், கோழிக்கும், தறிக்கும் பெயர்போன வட்டாரம் இது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது பைனான்ஸ் என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் வாலிபர்களின் வாழ்க்கையில் மிகப் பெரிய விஷயம் அது. நான் எழுதிய ஒரு பக்கத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அந்த வாரம்தான் கே.டி. பாலைப் பற்றி மறுபடி தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சேலத்தில் பிறந்தவர். வாலிபர் இயக்கம் ஒன்றின் நோக்கத்தையே மாற்றி எழுதியவர். அவர் அதை எழுதத் தொடங்கிய இடமும் கடன்தான்.

*

வாலிபர்களுக்கென்று கிறிஸ்தவ சங்கங்கள் எப்படித் தோன்றின என்பதைச் சொல்லாமல் பால் செய்தது என்ன என்று விளக்க முடியாது.

1844 ஜூன் 6 அன்று லண்டனில் ஒரு துணிக்கடையின் மாடியறையில் பன்னிரண்டு இளைஞர்கள் கூடினார்கள். கூட்டியவர் ஜார்ஜ் வில்லியம்ஸ், அப்போது அவருக்கு வயது 22, அந்தக் கடையில் வேலை பார்ப்பவர். அந்தக் காலத்து லண்டன் துணிக்கடைப் பையன்கள் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். காலையில் கடை திறந்தால் இரவு வெகுநேரம்வரை நின்றுகொண்டே வேலை, பிறகு கடைக்கு மேலேயே நெருக்கியடித்துப் படுக்கை. சேலம் கடைவீதியில் ஜவுளிக்கடையில் நிற்கிற பையனைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமல்ல. இவர்களுக்கு வேலை நேரத்துக்குப் பிறகு போக்கிடம் சாராயக்கடைதான். அதற்கு மாற்றாக ஜெபமும் வேத வாசிப்பும் நட்பும் கிடைக்கிற இடமாகத்தான் ஒய்.எம்.சி.ஏ. பிறந்தது.

பதினோரு ஆண்டுகளில் அது பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. 1855இல் பாரிசில் உலக மாநாடு கூடியபோது, இத்தனை நாட்டுச் சங்கங்களையும் இணைப்பது எது என்ற கேள்வி வந்தது. அதற்குப் பதிலாக எழுதப்பட்ட சிறு வாசகம்தான் பாரிஸ் அடிப்படை எனப்படுவது. இயேசுவைத் தெய்வமும் இரட்சகருமாக ஏற்று, அவருக்குச் சீஷராக வாழ விரும்பும் இளைஞர்களை ஒன்றுசேர்ப்பதும், அவருடைய இராஜ்யம் இளைஞரிடையே பரவ அவர்கள் சேர்ந்து உழைப்பதும் நோக்கம் என்பது அதன் சாரம். இன்று சபைகள் மிஷன், விஷன் என்று எழுதுகிறவற்றுக்கு அதை ஒரு மூத்த அண்ணன் என்று சொல்லலாம்.

அடுத்தது 1881. பிப்ரவரி 2 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் தன் சபை இளைஞர்களைக் கொண்டு கிறிஸ்தவ முயற்சி சங்கத்தைத் தொடங்கினார். இதில் முக்கியமானது உறுதிமொழி. தினம் ஜெபிப்பேன், வேதம் வாசிப்பேன், கூட்டத்துக்குத் தவறாமல் வருவேன், வந்தால் சும்மா உட்காராமல் ஏதாவது ஒரு வகையில் பங்கெடுப்பேன் என்று ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும். தமிழ்நாட்டுச் சபைகளில் இப்போதும் "சி.இ." என்று சொன்னால் வயதானவர்கள் முகம் மலரும். மேடையில் நின்று நாலு பேர் முன்னால் பேசுவதற்குப் பல தலைமுறைகள் கற்றுக்கொண்டது அங்கேதான்.

இரண்டும் பெரிய காரியங்கள்தான், குறைத்துச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு பார்வை உண்டு. உலகம் இழுக்கிறது, வாலிபன் நழுவிவிடுவான், அவனைப் பிடித்து நிறுத்து. வாலிப ஊழியம் என்பது காவல். எங்கள் ஆயர் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். "பசங்க போயிடறாங்க, என்ன பண்றது?" என்பதுதான் அவருடைய உண்மையான கவலை.

*

கனகராயன் திருச்செல்வம் பால் 1876 மார்ச் 24 அன்று சேலத்தில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது சேலத்தில் லண்டன் மிஷன் வேலை தொடங்கி அரை நூற்றாண்டு ஆகிவிட்டிருந்தது. 1827இல் ஹென்றி கிறிஸ்ப் வந்து ஆரம்பித்த ஊழியம் அது. பால் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார், சட்டமும் படித்தார். கொஞ்சகாலம் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா, பிறகு பள்ளி ஆசிரியர். அந்தக் காலத்து நடுத்தரக் கிறிஸ்தவ இளைஞன் போகக்கூடிய வழிதான். அப்படியே போயிருந்தால் பென்ஷன் வாங்கிக்கொண்டு சேலத்தில் ஒரு வீடு கட்டியிருப்பார்.

1905 டிசம்பர் 25 அன்று வங்காளத்தில் செராம்பூரில், வில்லியம் கேரி வாழ்ந்த ஊரில், இந்தியத் தேசிய மிஷனெரிச் சங்கம் தொடங்கப்பட்டது. முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் திருநெல்வேலி வி.எஸ். அசரியா, பிற்பாடு தோர்ணக்கல் பேராயர். இன்னொருவர் பால். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. வங்கப் பிரிவினையும் சுதேசி இயக்கமும் நாட்டைக் கொதிக்க வைத்திருந்த மாதங்கள் அவை. வெள்ளைக்காரர் கொடுக்கும் சம்பளத்தில் ஊழியம் செய்கிற பழக்கத்தில் வளர்ந்த சபைகளின் நடுவில் இந்த மூன்று சொற்களும் எவ்வளவு துணிச்சலானவை என்று இப்போது யோசித்தால்தான் புரிகிறது. அந்தச் சங்கம் ஊழியத்துக்கு எடுத்துக்கொண்ட பகுதிகளில் ஒன்று நம் ஓமலூர் தாலுகா.

பால் அந்தச் சங்கத்தின் செயலராக நாடு முழுக்கச் சுற்றினார். அந்தச் சுற்றுப்பயணங்கள்தான் அவருக்குப் படிப்பு. பட்டணத்துச் சபையில் வளர்ந்த பட்டதாரி கிராமத்துச் சபைகளைப் போய்ப் பார்த்தார். கிராமக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலானோர் நிலமற்ற தலித் மக்கள். கல்யாணத்துக்கோ சாவுக்கோ ஒரு சிறு தொகை வாங்கி, அதற்காகப் பண்ணையாளாகத் தன்னையும், சில சமயம் பிள்ளையையும் அடகு வைத்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வரலாமா கூடாதா என்பதையே கடன் கொடுத்தவர் தீர்மானிக்கிற நிலை. இவர்களிடம் போய்ச் சபை தன் சொந்தக் காலில் நிற்கவேண்டும், காணிக்கை கொடுங்கள் என்று பேசுவதில் என்ன பொருள்?

இதுதான் பால் பிடித்துக்கொண்ட இடம். கடன் என்பது ஆத்துமாவுக்கு வெளியே இருக்கிற விஷயம் அல்ல என்று அவருக்குப் பட்டது.

*

இதற்குக் கருவி ஏற்கெனவே இருந்தது. 1890களில் சென்னை அரசாங்கம் விவசாயக் கடனைப் பற்றி ஆராய பிரெடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நியமித்தது. கொங்கு நாட்டை நன்றாக அறிந்தவர் அவர், கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதியவர். ஐரோப்பாவின் கிராம வங்கிகளைப் பார்த்துவிட்டு வந்து பெரிய அறிக்கை ஒன்றைத் தந்தார். ஜெர்மனியின் ரைஃபைசனைப் போன்ற மனிதர்களைக் கண்டுபிடிக்கவேண்டும் என்பதே அதன் முடிவின் சாரம்.

ரைஃபைசன் ஒரு கிராமத்து மேயர். பஞ்சகாலத்தில் தருமம் கொடுத்துப் பார்த்தார், நிலைக்கவில்லை. பிறகு அவர் கண்ட முறை எளிமையானது. ஒரே ஊர்க்காரர்கள், ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ஒரு சங்கமாகச் சேரவேண்டும். ஒருவர் வாங்கும் கடனுக்கு அத்தனை பேரும் பொறுப்பு. தனியாளாகப் போனால் அடமானம் வைக்க ஒன்றுமில்லாத ஏழைக்கு, சங்கத்தின் பேரில் குறைந்த வட்டிக்குப் பணம் கிடைக்கும். எல்லாரும் பொறுப்பு என்பதால் எதற்காகக் கடன், எப்படித் திருப்பிக் கட்டுவாய் என்று கேட்கிற உரிமை எல்லாருக்கும் உண்டு. அடமானம் நிலமோ நகையோ அல்ல, அறிமுகமும் நம்பிக்கையும். 1904இல் வந்த கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பத்துப் பேர் சேர்ந்தாலே சங்கம் அமைக்க வழிவிட்டது. 1912 சட்டம் இந்தச் சின்னச் சங்கங்களுக்குப் பணம் தரும் மத்திய வங்கிகளுக்கு இடம் கொடுத்தது.

பால் இந்த நேரத்தில்தான் ஒய்.எம்.சி.ஏ.வுக்குள் வந்தார். 1916இல் அதன் தேசியப் பொதுச்செயலர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது, இந்தியச் சிப்பாய்களுக்காக மெசபடோமியா வரைக்கும் சங்கத்தின் ஆட்கள் போயிருந்தார்கள். ஆனால் இந்தியாவுக்குள் அது பட்டணத்துச் சங்கம்தான். படித்த இளைஞர்களுக்கு வாசக சாலை, விடுதி, விளையாட்டு, ஆங்கிலப் பிரசங்கம். மக்களில் பத்தில் ஒன்பது பேர் கிராமத்தில் இருக்கிற நாட்டில் வாலிபர் சங்கம் பட்டணத்தில் மட்டும் இருந்தால், அது எந்த வாலிபருடைய சங்கம்?

பால் கிராமப் பணித் துறையை வளர்த்தார். துறையின் செயலர்கள் கிராமங்களுக்குப் போய்க் கூட்டுறவுச் சங்கம் அமைக்க உதவினார்கள், கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள், இரவுப் பள்ளி நடத்தினார்கள். சங்கங்களுக்குப் பணம் கிடைக்கச் சென்னையில் கிறிஸ்தவ மத்தியக் கூட்டுறவு வங்கி அமைந்ததில் பாலுக்குப் பெரிய பங்கு உண்டு. வேதாகமக் கூட்டம் நடத்த வந்த இயக்கம் பற்று வரவு எழுதியது.

அமெரிக்காவில் 1890களில் ஒய்.எம்.சி.ஏ.வுக்கு ஒரு முக்கோணச் சின்னம் வந்திருந்தது. உடல், மனம், ஆவி என்று மூன்று பக்கம். இந்தியக் கிராமத்தில் அது போதவில்லை. பொருளாதாரம், சமூகம் என்று இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டியிருந்தது. இந்த ஐந்து பக்கத் திட்டம் முழுமையாக நடந்தது மார்த்தாண்டத்தில். 1921இல் இந்த வேலைக்கு வந்த ஸ்பென்சர் ஹேட்ச் அங்கே தேனீ வளர்ப்பையும் நல்ல ரகக் கோழியையும் அறிமுகப்படுத்தினார், முட்டையைச் சேர்ந்து விற்கச் சங்கம் அமைத்தார். இன்றைக்கு நாம் கடையில் மார்த்தாண்டம் தேன் என்று கேட்டு வாங்குவதற்குப் பின்னால் இப்படி ஒரு வாலிபர் சங்கம் இருக்கிறது. கோயம்புத்தூர் இராமநாதபுரத்திலும் ஒரு கிராம மையம் இயங்கியது. நாமக்கல் முட்டைக்காரர்களான எங்களுக்கு இந்த முட்டைச் சங்கம் வெகுநேரம் யோசிக்க வைத்த செய்தி.

*

இந்த மாற்றத்தை எல்லாரும் வரவேற்கவில்லை என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம், எந்தச் சபைக் கமிட்டியிலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். "இது சமூக சேவை, சுவிசேஷம் எங்கே?" என்பது அன்றும் கேட்கப்பட்ட கேள்விதான். பால் பக்தியைக் கைவிட்டவர் அல்ல. தென்னிந்திய ஐக்கிய சபையில் தலைமைப் பொறுப்பு வகித்தவர். இரண்டும் ஒன்றுதான் என்பது அவர் நிலை. நிலத்தோடும் கடனோடும் கட்டப்பட்டவனிடம் விடுதலையைப் பற்றிப் பேசிவிட்டு, கட்டை அப்படியே விட்டுப் போகிறவன் தான் சொன்னதைத் தானே நம்பவில்லை.

அதேபோல, கிறிஸ்தவனாக இருப்பதற்காகத் தமிழனாகவும் இந்தியனாகவும் இருப்பதை விடவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அவர் காலத்து ஒய்.எம்.சி.ஏ. பதிப்பகம்தான் இந்திய மரபைப் பற்றிய நூல்வரிசையை வெளியிட்டது. கிங்ஸ்பரியும் பிலிப்ஸும் சேர்ந்து தமிழ்ச் சைவ அடியார் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த நூல் 1921இல் வந்தது. ஈரோட்டில் லண்டன் மிஷன் ஊழியராக இருந்த எச்.ஏ. பாப்லி இந்திய இசையைப் பற்றி எழுதினார், பிறகு திருக்குறளை மொழிபெயர்த்தார். இந்த பாப்லிதான் பின்னால் பாலின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். ஈரோட்டு வெள்ளைக்காரர் சேலத்துத் தமிழரின் வரலாற்றை எழுதியிருக்கிறார். சேலத்துக்காரர்களாகிய நாம் ஒரு தெருவுக்குக்கூட அவர் பெயரைப் பெரிதாக நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

அதே காலத்தில் இதே மண்ணில் இன்னொருவரும் கிராமத்துக்குப் போனார். சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, 1925இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு. 1937இல் அவர் முதல்வரானபோது மதுவிலக்கு முதலில் சேலம் மாவட்டத்தில்தான் வந்தது. ராஜாஜியும் பாலும் கிட்டத்தட்ட ஒரே வயது, இரண்டு பேருமே சட்டம் படித்தவர்கள். ஒருவர் கள்ளுக்கடையில் தொடங்கினார், ஒருவர் வட்டிக்கடையில் தொடங்கினார். இரண்டு கடைகளும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்திருக்கும்.

*

எங்கள் கோயில் வாசலில் நின்று கிழக்கே பார்த்தால் கொல்லிமலை தெரியும். வாலிப ஊழியத்தின் தரிசனம் பற்றிப் பேசுகிற எவரும் அந்த மலையைக் காட்டாமல் பேச்சை முடிப்பதில்லை. அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் எவலினும் 1913இல் கல்யாணம் செய்துகொண்டு கொல்லிமலைக்குக் குடிபோனார்கள். அங்கே நரம்புச்சிலந்திப் புழு பெரிய கொடுமை. கிணற்றுக்குள் இறங்கி மொள்ளும் தண்ணீர் வழியாகப் பரவுவது அது. ஜெஸ்ஸி கிணறுகளுக்குக் கல்கட்டுச் சுவர் எழுப்பவும் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கவும் மக்களைப் பழக்கினார். பல ஆண்டுகள் சபையில் சேர ஒருவரும் வரவில்லை. 1929இல் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்துபோனார், மலையிலேயே அடக்கம். வாழவந்தி நாட்டில் கல்லறை இருக்கிறது. இவர்களுடைய மகன்தான் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட்.

கணவனும் மனைவியும் கொல்லிமலையோடு சேர்த்து ஐந்து மலைத்தொடர்களில் வேலை செய்வதென்று நினைத்திருந்தார்கள். எவலினுக்கு எழுபது வயதை நெருங்கியபோது மிஷன் ஓய்வு கொடுத்தது. அவர் ஓய்வை வாங்கிக்கொண்டார், ஊருக்குப் போகவில்லை. மட்டக் குதிரையில் ஏறி மிச்சமிருந்த மலைகளுக்குப் போனார். கல்வராயன் மலை, பச்சைமலை என்று 1974இல் தொண்ணூற்று ஐந்து வயதில் இறக்கும்வரை இருந்தார். அவருடைய விஷன் அட்டையில் அச்சடித்த வாக்கியமாக இருக்கவில்லை. வீட்டு வாசலில் நின்றால் பெயர் சொல்லிக் காட்டக்கூடிய ஐந்து மலைகளாக இருந்தது.

பாலையும் பிராண்ட் அம்மாவையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஒருவர் அமைப்பை மாற்றியவர், மற்றவர் அமைப்பு போகச் சொன்னபிறகும் போகாதவர். ஆனால் இருவரிடமும் பொதுவாக ஒன்று இருக்கிறது. முதலில் போய்ப் பார்த்தார்கள். பார்த்தபிறகு எது நோக்கம் என்று யாரும் அவர்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தமிழில் நோக்கம் என்ற சொல்லுக்குள்ளேயே நோக்குதல் இருக்கிறது. தரிசனம் என்றாலும் பார்ப்பதுதான்.

*

பால் 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாகப் போனார். கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டும் என்ற குரல்கள் இருந்த காலம். தனியாக ஒதுங்கினால் கிறிஸ்தவர்கள் தேசத்தின் நடுவில் ஒரு மூலையாகிவிடுவார்கள் என்பது அவர் பயம். மாநாட்டிலிருந்து திரும்பிய சில மாதங்களில், 1931 ஏப்ரல் 11 அன்று, ஐம்பத்தைந்து வயதில் காலமானார்.

அவருடைய வேலை முழுக்க நிலைத்தது என்று சொல்ல முடியாது. செயலர்களின் சம்பளத்தில் பெரும் பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது, 1930களின் பொருளாதார மந்தத்தில் அந்தப் பணம் சுருங்கியது. இந்தியப் பணம் என்று தொடங்கிய ஒருவரின் பெரிய வேலை வெளிப்பணத்தை நம்பி நின்றது ஒரு முரண்தான். கூட்டுறவுச் சங்கங்கள் பிற்பாடு அரசாங்கத்தின் கைக்கும் கட்சிக்காரர்களின் கைக்கும் போயின. ஒருவரையொருவர் அறிந்தவர்கள் சேருவது என்ற அடிப்படை கழன்றதும் அதுவும் இன்னொரு ஆபீஸ் ஆகிவிட்டது. இப்போது அதே கூட்டுப் பொறுப்பு என்ற யோசனையை எடுத்துக்கொண்டு குழுக்கடன் கம்பெனிகள் எங்கள் தெருவில் பெண்களை வரிசையாக உட்காரவைத்து வாராவாரம் வசூலிக்கின்றன. ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் எழுந்து போகமுடியாது. ரைஃபைசனின் சட்டை, உள்ளே வேறு ஆள்.

*

இத்தனையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாலிபர்களிடம் சொன்னேன். வரலாற்று வகுப்பு மாதிரிப் போய்விடுமோ என்று பயந்தேன். அன்றைக்குப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். பேச்சு முடிந்ததும் அந்த முட்டைப் பண்ணைத் தம்பி, "அப்ப நம்ம கணக்கையே முதல்ல எழுதலாமுங்களா?" என்றான். பெயர் எழுதவேண்டாம், ஒரு துண்டுச்சீட்டில் வீட்டுக் கடன் எவ்வளவு, எத்தனை இடத்தில் என்று மட்டும் எழுதிப் போடுவோம் என்று முடிவானது. பதினோரு சீட்டில் தொகை இருந்தது. நான்கு சீட்டில் செல்போன் ஆப் கடன். இத்தனை வருஷம் ஒரே அறையில் ஜெபித்திருக்கிறோம். ஒருவனாவது இதை ஜெபக் குறிப்பாகச் சொன்னது கிடையாது. பரீட்சைக்கு, வேலைக்கு, அம்மாவின் முழங்கால் வலிக்கு ஜெபம் கேட்டிருக்கிறார்கள். கடனுக்குக் கேட்க வெட்கம்.

வசூலுக்குப் போகிற பையனும் அங்கேதான் இருந்தான். கடைசியில் அவனாகவே பேசினான். "நான் வசூலுக்குப் போகலைன்னா எனக்குச் சம்பளம் இல்லீங்ண்ணா. அவன் வீட்டு ரூட்டை மட்டும் வேற ஆளுக்கு மாத்திக் குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டேன். அதுக்கு மேல என்னால முடியலீங்க." யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. அவன் வீட்டிலும் ஒரு தவணை ஓடிக்கொண்டிருக்கிறது என்று அந்தச் சீட்டுகளில் ஒன்று சொல்லியிருக்கலாம்.

பிறகு ஒரு மாதம் கூடிக்கூடிப் பேசி, நான்கு காரியம் எழுதினோம். மாதம் ஒரு தொகை போட்டு ஒரு சேமிப்புச் சங்கம். கணக்கு நோட்டு எல்லாரும் பார்க்கும்படி பெஞ்சின் மேல். கடன் வாங்குமுன் வட்டியைக் கணக்குப் போட்டுக் காட்ட, வங்கியில் வேலை பார்க்கும் இரண்டு பேர் மாதம் ஒரு நாள் உட்காருவது, சபைக்காரர் அல்லாதவர்களும் வரலாம். வராதவன் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்காமல் போய்ப் பார்ப்பது. ஜெபத்தில் கடனை வாய்விட்டுச் சொல்வது.

ஆயரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "ஆண்டவர் பேரே இல்லையேங்க இதுல" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. பாலுக்கும் இந்தக் கேள்வி வந்ததுங்க ஐயா என்று சொல்லலாம், அது பதில் ஆகாது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. பேனாவை எடுத்தார். நான்கு வரிகளுக்கும் மேலே, தாளின் தலைப்பில், ரோமர் 1:14 என்று மட்டும் எழுதினார். பவுல் தன்னைக் கடனாளி என்று சொல்லிக்கொள்கிற இடம். "வசனத்தை அவங்களே எடுத்து வாசிக்கட்டும்" என்றார்.

அந்தத் தாள் இன்னும் பிளெக்ஸ் ஆகவில்லை. கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. கீபோர்டுப் பையனைப் பார்க்க இரண்டு முறை போனோம். முதல் முறை வீட்டில் இல்லை என்று உள்ளேயிருந்தே சொல்ல வைத்தான். இரண்டாம் முறை டீ கொடுத்தான். போன மாதம் ஒரு ஞாயிறு கூட்டத்துக்கு வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தான். கீபோர்டை உறையை எடுத்து யாரோ மேஜைமேல் வைத்திருந்தார்கள். அவன் வாசிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் நோட்டை எடுத்துப் பார்த்தான், அந்த மாதத் தொகையை எழுதினான், போய்விட்டான்.